அப்பாவின் முதுகுக் கருவி: பினாங்கு ஜெலுத்தோங் தம்பிக்கு

தம்பி, அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் செய்தும் வலி காலுக்கு இறங்குகிறது, தண்டுவடத்துக்கு மின்தூண்டல் தரும் கருவி வைக்கச் சொல்கிறார்கள், சேமிப்பை எடுத்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பணத்தை இப்போதே கட்டிவிடாதீர்கள்.

2022-இல் வெளியான நார்வே ஆய்வில் இருந்த 50 பேரும் அப்பாவைப் போன்றவர்கள்தாம். முதலில் தற்காலிகமாக மாட்டிப் பார்த்து, வலி குறைந்தவர்களுக்கே கருவியை உள்ளே வைத்தார்கள். பிறகு சில மாதம் ஓடவிட்டு, சில மாதம் நிறுத்தினார்கள். எப்போது ஓடுகிறது என்று நோயாளிக்குத் தெரியாது. நடப்பது, உட்காருவது, தூங்குவது போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்ததில், ஓடியபோதும் நிறுத்தியபோதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால் தற்காலிகமாக மாட்டிப் பார்க்கும் சோதனை நாட்களில் கிடைக்கும் நிம்மதியை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

வயர் நகர்ந்தாலோ கிருமி தொற்றினாலோ மறுபடி ஆபரேஷன்தான். அந்தச் செலவு யாருடையது, பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி, பினாங்கு பொது மருத்துவமனையில் இன்னொரு நிபுணரின் கருத்தையும் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திடீரென்று கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டினாலோ, அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.