ஏசி ஃபிளாப் நின்னு போச்சா? மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி

கேள்வி (பாம்பன்): அண்ணே, ஸ்பிளிட் ஏசி ஃபிளாப் (காத்தை மேலயும் கீழயும் திருப்புற பட்டை) பாதி திறந்து நின்னுடுது. அதை ஆட்டுற ஸ்விங் மோட்டார் போச்சுன்னு சொல்றாங்க. மாத்திரலாமா?

பதில்: பொறுங்க. கடலோரத்துல மோட்டாரை விட ஃபிளாப்போட முனைகள்தான் முதல்ல இறுகும். உப்புக்காத்தும் தூசியும் சேர்ந்து, பிளாஸ்டிக் முனை உட்கார்ற குழியில கல்லு மாதிரி படிஞ்சிரும்.

மெயின் சுவிட்சை அணைச்சிட்டு ஃபிளாப்பைக் கழட்டுங்க. நடுவுல லேசா வளைச்சு நடு கிளிப்பை விடுவிச்சு, மோட்டார் இல்லாத முனையை எடுத்து, கடைசியா மோட்டார் பக்கம் உருவணும். அப்புறம் ஃபிளாப் இல்லாமலே ஏசியை ஓட்டி ஸ்விங் போடுங்க. மோட்டார் தண்டு சீராத் திரும்புனா மோட்டார் நல்லாருக்கு, குத்தம் ஃபிளாப்புல. தண்டு திரும்பலன்னா திரும்ப அணைச்சிட்டு மோட்டார் கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. பின்னுல பச்சை பூத்திருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய்ஞ்சதும் மாட்டுங்க. பல கேஸ் இதுலயே முடிஞ்சிரும்.

அதுக்கும் அசையலன்னா திரும்ப அணைச்சு, கனெக்டரைக் கழட்டி, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல (மின்தடை அளக்கிற இடத்துல) வைங்க. மோட்டாரோட அஞ்சு வயர்ல ஒண்ணு பொது, பெரும்பாலும் சிவப்பு. அதுலருந்து மத்த நாலுக்கும் ஒரே அளவு காட்டணும். சில நூறு ஓம் வரும். எண்ணு மாடலுக்கு மாடல் மாறும், நாலும் சமமா இருக்கிறதுதான் கணக்கு. ஒண்ணு மட்டும் காட்டலன்னா மோட்டாருக்குள்ள அந்தக் கம்பிச்சுருள் அறுந்திருச்சு. நாலும் சரின்னா போர்டுல இருக்கிற டிரைவர் ஐசியை (மோட்டாரை ஓட்டுற சிப்பை) சந்தேகப்படணும், அனேகமா யூஎல்என்2003. போர்டுல கரண்ட் ஓடும்போது நீங்களா மீட்டர் வைக்காதீங்க. சில போர்டுல டிசி கிரவுண்டே (மைனஸ் பக்கமே) ஷாக் அடிக்கும்.

கேள்வி (கீழக்கரை): காக்கா (அண்ணே), முனையில தேங்காண்ணெய் விட்டேன். ரெண்டு நாள் ஓடுச்சு, இப்ப முன்னை விட மோசம்.

பதில்: உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். எண்ணெய் தூசியை இழுத்துப் பசையாக்கிரும். வெதுவெதுப்பான நல்ல தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு முனை, குழி ரெண்டையும் பழைய டூத் பிரஷால தேயுங்க. போர் தண்ணி வேண்டாம், அதுவே உப்பு. நல்லாக் காய விட்டு, வேணும்னா சிலிக்கான் கிரீஸ் கடுகளவு போதும்.

கேள்வி (மண்டபம்): ஆன் பண்ணும்போது டக் டக்னு சத்தம். கியர் போச்சா?

பதில்: பிளக் போட்டதும் ரெண்டு மூணு நொடி வந்தா பயமில்ல. ஃபிளாப் எங்க நிக்குதுன்னு பெரும்பாலான மோட்டாருக்குத் தெரியாது. அதனால மூடுற பக்கம் கடைசி வரை தள்ளி, அங்கிருந்து எவ்வளவு திரும்புச்சுன்னு எண்ண ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஸ்விங்குலயும் வந்தாத்தான் கோளாறு.

கேள்வி (ராமேஸ்வரம், லாட்ஜ்): ரூமுக்கு வர்றவங்க ஃபிளாப்பைக் கையால திருப்பிடுறாங்க. அப்புறம் முழுசா மூட மாட்டேங்குது.

பதில்: மேல சொன்ன அந்த எண்ணிக்கை தப்பிப்போச்சு. மெயினை அஞ்சு நிமிஷம் அணைச்சுப் போடுங்க, தானா சரியாகும். ஆகலன்னா உள்ளே பிளாஸ்டிக் கியர் பல்லு உடைஞ்சிருக்கும். தண்டை விரலால திருப்பினா இறுக்கம் தெரியணும். லொடலொடன்னு சுத்துனா மாத்த வேண்டியதுதான். ரிமோட் பக்கத்துல 'ஃபிளாப்பைத் தொடாதீங்க'ன்னு எழுதி ஒட்டுங்க, மோட்டாரை விட மலிவு.

கேள்வி (தொண்டி): புது மோட்டார் போட்டேன், நடுங்குது, திரும்பல.

பதில்: வயர் வரிசை மாறியிருக்கும், இல்ல 12 வோல்ட் இடத்துல வேற வோல்ட் வாங்கியிருப்பீங்க. பழைய மோட்டார் லேபிள்ல உள்ள எண், வோல்ட், தண்டோட வெட்டு, கனெக்டர் நாலும் பொருந்தணும். நடுங்காம எதிர்ப்பக்கம் திரும்புனாலும் வரிசைதான் காரணம்.

கேள்வி (தேவிபட்டினம்): ஃபிளாப் மூடியே கிடக்கு. சரிபண்ற வரைக்கும் அப்படியே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். குளிர்காத்து வெளிய வராம ஏசிக்குள்ள இருக்கிற குளிர்விக்கிற காயில்ல ஐஸ் கட்டி, அப்புறம் உருகி சுவர்ல வழியும். ஃபிளாப்பைக் கழட்டி வச்சிட்டு ஓட்டுங்க.