மகள் வான்சண்டைக் கணிதம் படிக்க ஆசைப்படுகிறாள்: எந்தப் படிப்பில் சேர்ப்பது?

வணக்கம் ஐயா. போர் விமானங்கள் நெருக்கத்தில் மோதும் டாக்ஃபைட்டை, எதிராளி என்ன செய்வார் என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுக்கும் கணிதமான கேம் தியரி கொண்டு ஆராயப் போவதாக உங்கள் மகள் சொல்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் இதற்கு அடிப்படை கணக்குதான்.

அவள் மனதில் இருப்பது இதுதான். இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து கடக்கின்றன. இரண்டும் ஒரே திசையில், மேற்கே என்று வையுங்கள், வளைந்தால் சின்ன வட்டம் போடும் விமானத்துக்குச் சாதகம். ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே வளைந்தால் நொடிக்கு அதிக டிகிரி திரும்புகிற விமானத்துக்குச் சாதகம். எந்த வகைச் சண்டை என்பதை எந்த விமானியும் தனியாகத் தீர்மானிக்க முடியாது. எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறவரை எதிரி சுலபமாகக் கணித்துவிடுவார். அதோடு இது ஒருமுறை எடுத்து முடிகிற முடிவும் இல்லை, நொடிக்கு நொடி மாறும். அந்தத் தொடர் முடிவுகளை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுத வழிகாட்டியவர் கணித அறிஞர் ரூஃபஸ் ஐசக்ஸ். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது அதைச் செய்தார். 2020இல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய சிமுலேட்டர் போட்டியில் ஹெரான் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஏஐ மென்பொருள் அனுபவமுள்ள எஃப்-16 விமானியை 5-0 என்று வென்றது. எதிரி எங்கே இருக்கிறார் என்பது அதற்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். நிஜ வானில் அந்த வசதி கிடைக்காது.

சரி, எங்கே சேர்ப்பது? இந்தப் பெயரில் இளநிலைப் படிப்பைத் தேடாதீர்கள். கணக்கில் உண்மையான பிடிப்பு இருந்தால் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதட்டும். எந்திரங்கள்மீது ஆசை என்றால் ஐஐடி மெட்ராஸில் ஏரோஸ்பேஸ், அல்லது குரோம்பேட்டை எம்ஐடியில் ஏரோநாட்டிகல். இரண்டும் கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸோ மெக்கானிக்கலோ எடுத்து, எந்திரங்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் கணிதமான கன்ட்ரோல் தியரியை ஆழமாகப் படிக்கலாம். ஏஐ என்று பெயர் ஒட்டியிருக்கிறதே என்று கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட் வாங்காதீர்கள், தயவுசெய்து. அப்புறம், பட்டப்படிப்பின் முடிவில் எழுதும் கேட் (GATE) தேர்வு. அதை வைத்து பெங்களூரு ஐஐஎஸ்சியில் மேற்படிப்புக்கும், பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவில் விஞ்ஞானி வேலைக்கும் முயலலாம்.

விமானம் ஓட்டவே ஆசை என்றால் அது தனிப் பாதை. பிளஸ் டூவுக்குப் பின் எழுதும் என்டிஏ, பட்டப்படிப்புக்குப் பின் விமானப் படைக்கு எழுதும் ஏஎஃப்கேட் என்ற இரண்டு தேர்வுகளும் பெண்களுக்குத் திறந்திருக்கின்றன. வயது வரம்பும் கண் பரிசோதனையும் கறாரானவை, அதனால் அதை இப்போதே கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

பிளஸ் டூ கணக்கில் அணிகள், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு இந்த மூன்றையும் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்து விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பரீட்சை முடிந்த விடுமுறையில், துரத்தும் புள்ளி ஒன்று, தப்பிக்கும் புள்ளி ஒன்று வைத்து பைத்தானில் சின்ன நிரல் எழுதட்டும். துரத்துவதற்கு வேகம் அதிகம், திரும்பும் வட்டம் பெரிது. தப்பிப்பதற்கு வேகம் குறைவு, நினைத்த பக்கம் திரும்பலாம். யார் எப்போது ஜெயிக்கிறார் என்று அவள் சலிக்காமல் தேடுகிறாளா என்று பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எந்தத் தேர்வுக்கு முதலில் தயாராவது என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.