வாட்டர்கலர் படத்தை பாதியில மத்தவங்ககிட்ட காட்டுறது நல்லதா, முடிச்சிட்டு காட்டுறது நல்லதா?

பாதியிலயே காட்டுங்க, ஆனா எந்தப் பாதியில காட்டுறீங்க, என்ன கேட்டு காட்டுறீங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு. "பாதி படத்தைப் பார்த்துட்டு நல்லா இல்லன்னு சொல்லிட்டா முடிக்கிற ஆசையே போயிடுமோ"ன்னு கேள்வியில எழுதியிருக்கீங்க. அந்த பயம் இல்லாதவங்க யாரும் இல்ல. பொழுதுபோக்கா வரையிற நாங்க சில பேர் வரைஞ்சிட்டு இருக்கும்போதே நடுநடுவுல போட்டோ அனுப்பி பேசிக்கிறது ரொம்ப நாளா நடந்துட்டு இருக்கு, அதுல பார்த்ததை வெச்சு சொல்றேன்.

ஆயில், அக்ரிலிக்லாம் வேற கதை. அதுல யாராவது "வானம் ரொம்ப டார்க்கா போச்சு"ன்னு சொன்னா வெள்ளை கலந்து மேல ஒரு கோட் அடிச்சா முடிஞ்சது. வாட்டர்கலர்ல வெளிச்சம்னா அது பேப்பரோட வெள்ளைதான், மேல போடுற எல்லாமே அதை இன்னும் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். அதனால முடிஞ்ச படத்துக்கு வர்ற கருத்துல பெரும்பாலானது செய்யவே முடியாத கருத்தா இருக்கும். "இங்க வெள்ளையா விட்டிருக்கலாமே", "மேகத்தோட ஓரத்தை சாஃப்டா விட்டிருக்கலாமே"ன்னு சொல்லுவாங்க, உண்மையாத்தான் இருக்கும், ஆனா அதை வெச்சு அந்த படத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அதே ஆள் முதல் வாஷ், அதாவது தண்ணி நிறைய சேர்த்து பரப்புற மெல்லிய கலர் பூச்சு, காய்ஞ்ச நேரத்துல "அந்த கூரை மேல இனிமே கை வைக்காதீங்க"ன்னு சொல்லியிருந்தா படமே வேற மாதிரி வந்திருக்கும்.

இப்ப படம் பாதியில அசிங்கமாத் தெரியுற கட்டத்துக்கு வர்றேன். ஏன்னா உங்க பயம் முழுக்க அங்கதான் இருக்கு, முக்கால்வாசி பேர் படத்தை கைவிடுறதும் அங்கதான். முதல் வாஷ் போடும்போது பேப்பர் ஈரமா இருக்கும், கலர் பளபளன்னு இருக்கும், நமக்கே பெருமையா இருக்கும். காய்ஞ்சதும் ஒரு படி வெளுத்து மந்தமா நிக்கும். எல்லா வாட்டர்கலரும் காய்ஞ்சா வெளுக்கத்தான் செய்யும், அது உங்க கையோட குறை இல்ல. அதோட அந்த நேரத்துல படத்துல லைட்டும் மிடிலும் மட்டும்தான் இருக்கு, டார்க்கே இன்னும் வரல. பக்கத்துல ஒரு கருப்பு இருந்தாதான் மஞ்சள் வெயிலாத் தெரியும், அது வராத வரைக்கும் வெறும் மஞ்சள் கறைதான். எங்ககூட வரையிற ஒருத்தங்க ஒரு மலைக்காட்சியை இந்த நிலையில அனுப்பி "கிழிச்சு போடப்போறேன்"னு எழுதியிருந்தாங்க. முன்னாடி நிக்கிற மரத்தோட அடிப்பகுதியை மட்டும் நல்ல டார்க்கா போட்டுப் பாருங்கன்னோம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியென்னாங்கிற செம்பழுப்பும் தண்ணி ரொம்ப சேர்க்காம கலந்தா கிட்டத்தட்ட கருப்பு மாதிரி ஒரு நிறம் வருமே, அதை வெச்சு போட்டாங்க. மலையில ஒரு சொட்டு கூட மாத்தல, ஆனா மலை தானா பின்னாடி போயிடுச்சு.

இந்த கட்டத்துல காட்டுறதுல இன்னொரு லாபம் இருக்கு, என்னைக் கேட்டா வர்ற கருத்தைவிட அதுதான் பெருசு. போட்டோ எடுக்கணும்னா பிரஷ்ஷை கீழ வைக்கணும், அனுப்பணும், யாராவது பார்த்து பதில் சொல்ற வரைக்கும் இருக்கணும். அந்த நேரத்துல பேப்பர் காயுது. வாட்டர்கலர்ல நடக்குற நாசத்துல பெரும்பங்கு அரைகுறையா காய்ஞ்ச இடத்தை சும்மா இருக்காம தொடுறதாலதான் நடக்குது. பேப்பர் மேல மினுமினுப்பு போயிருக்கும், ஆனா உள்ள ஈரம் இருக்கும், அந்த நேரத்துல தண்ணி அதிகமா இருக்கிற பிரஷ்ஷை வெச்சா அந்த தண்ணி பக்கத்துல இருக்கிற கலரைத் தள்ளிட்டுப் போய் ஓரத்துல ஒரு ரம்பப்பல் மாதிரி கோடு விட்டுடும், காலிஃப்ளவர்னு சொல்லுவாங்களே அதான். முழு ஈரத்துல வெச்சா பரவி கலந்துடும், முழுசா காய்ஞ்ச பிறகு வெச்சா ஓரம் கூர்மையா, ஹார்ட் எட்ஜா நிக்கும், ரெண்டுமே நமக்கு வேண்டியதுதான், நடுவுலதான் ஆபத்து. காய்ஞ்சிடுச்சான்னு பார்க்க விரலோட பின்பக்கத்தை லேசா வெச்சுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். முழு காட்டன் பேப்பர் 300 ஜிஎஸ்எம்ல (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை, நல்ல தடிமன்) தண்ணியை உள்ள இழுத்து வெச்சுக்கும், காய நேரம் ஆகும். சாதாரண மரக்கூழ் பேப்பர் சீக்கிரம் காயும், சில நேரம் வாஷ் முடியறதுக்குள்ளயே காய்ஞ்சு நடுவுல கோடு விழுந்துடும். அதனால யாராவது "நான் ரெண்டாவது லேயரை உடனே போட்டேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு சொன்னா அவங்க எந்த பேப்பர்ல போட்டாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் நம்புங்க.

போட்டோ விஷயத்துல கொஞ்சம் கவனம் வேணும், போன் நல்லா ஏமாத்தும். முதல் வாஷ்ல பேப்பர் பெரும்பாலும் வெள்ளையா இருக்கிறதால போன் அதை ரொம்ப வெளிச்சம்னு நினைச்சு சாம்பல் ஆக்கிடும், இல்லன்னா கான்ட்ராஸ்ட்டை தானா ஏத்தி நீங்க போட்ட மெல்லிய வாஷை இல்லாமலே பண்ணிடும். நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம், டியூப்லைட்டை அணைச்சிட்டு, பேப்பருக்கு நேர் மேல போனை பிடிச்சு எடுங்க. ஓரத்துல கொஞ்சம் வெறும் பேப்பர் தெரியுற மாதிரி எடுத்தா பார்க்கிறவங்களுக்கு உங்க வெள்ளை எதுன்னு புரியும். ஃபில்டர் எதுவும் வேணாம், ஒண்ணே ஒண்ணைத் தவிர, கருப்பு வெள்ளை. அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை கருப்பு வெள்ளையில மாத்திப் பாருங்க. சிவப்பு கூரையும் பச்சை மரமும் கலர்ல பிரிஞ்சு தெரியும், கருப்பு வெள்ளையில ரெண்டும் ஒரே சாம்பலா ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்பதான் படம் ஏன் தட்டையா இருக்குன்னு தெரியும். பாதி நேரம் இதைப் பார்த்ததும் கேட்க வந்த கேள்விக்கு பதில் கிடைச்சிடும்.

என்ன கேக்கணும்ங்கிறது அடுத்தது. "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா "சூப்பர்"னுதான் வரும், அது அவங்க தப்பு இல்ல, கேள்வி அப்படி. இனிமே செய்ய முடியுற ஒரு விஷயத்தைப் பத்தி மட்டும் கேளுங்க. "தண்ணியில விழுற நிழலை இன்னும் ஒரு லேயர் டார்க் பண்ணவா?", "இடது பக்கம் காலியா இருக்கிறதை அப்படியே விட்டுடவா?", "முதல்ல கண்ணு எங்க போகுது?" இந்த மாதிரி. கடைசி கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அதுக்கு பதில் சொல்ல வரையத் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல, வீட்ல இருக்கிற யாரை வேணா கேக்கலாம். நீங்க படகுதான் முக்கியம்னு வரைஞ்சிருப்பீங்க, பார்க்கிறவங்க எல்லாரும் ஓரத்துல இருக்கிற ஒரு கம்பத்தைச் சொல்லுவாங்க. அப்ப அந்த கம்பத்து மேல ஒரு மெல்லிய கிளேஸ், அதாவது காய்ஞ்ச கலர் மேல கண்ணாடி மாதிரி ஒரு லேயர், போட்டு அடக்கலாம், இன்னும் நேரம் இருக்கு.

ரெஃபரன்ஸ் போட்டோவை சேர்த்து அனுப்பாதீங்கன்னு சொல்லுவேன், நிறைய பேர் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க. சேர்த்து அனுப்பினா எல்லாரும் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சிடுவாங்க, ஜன்னல் ஒண்ணு குறையுது, மரம் அந்தப் பக்கம் சாயணும்னு. படம் படமா நிக்குதான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. உருவப்படம் வரையிறீங்கன்னா மட்டும் விதிவிலக்கு, அங்க ஜாடை வேணுமே.

ஆனா எந்தெந்த கலர் போட்டீங்கன்னு கண்டிப்பா எழுதுங்க, டியூப்ல சின்ன எழுத்துல இருக்கிற பிக்மென்ட் நம்பரோட, அதாவது உள்ள இருக்கிற நிறப்பொருள் எதுன்னு காட்டுற குறியீட்டோட. சாப் கிரீன்னு பேரு போட்டு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கலவை வெச்சிருப்பாங்க, பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. "அந்த இடத்தை ஈர பிரஷ்ஷால லிஃப்ட் பண்ணிடுங்க"ன்னு, அதாவது காய்ஞ்ச கலரை நனைச்சு எடுத்துடுங்கன்னு, யாராவது ஈஸியா சொல்லுவாங்க, அது கோபால்ட் ப்ளூன்னா பரவாயில்ல, பெரும்பாலும் வந்துடும், தேலோ ப்ளூன்னா, அதாவது பிபி 15, பேப்பரோட நார்ல பிடிச்சுக்கும், தேய்ச்சுத் தேய்ச்சு பேப்பர் பிஞ்சு வருமே தவிர கலர் போகாது. சிவப்புக்கு நம்பர் எழுதச் சொல்றதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. பழைய அலிசரின் கிரிம்சன், பிஆர் 83, வெளிச்சத்துல வெளுத்துப் போற கலர், இன்னும் சில செட்ல இருக்கு. வாட்டர்கலர் வெளிச்சத்துல என்ன ஆகுதுன்னு இங்கிலாந்துல ரஸ்ஸல், அப்னின்னு ரெண்டு பேர் சோதனை பண்ணி 1888லயே அறிக்கை குடுத்துட்டாங்க, நாம இன்னும் படத்தை ஃப்ரேம் போட்டு ஜன்னலுக்கு எதிர்ல மாட்டிட்டு இருக்கோம். பாதியிலயே யாராவது நம்பரைப் பார்த்துச் சொன்னாங்கன்னா மீதி சிவப்பு இடத்துக்காவது பிவி 19 மாதிரி வெளுக்காம நிக்கிற கலரைப் போடலாம்.

இப்ப மத்தவங்க படத்தை நீங்க பார்க்கும்போது. இதைப் பத்தி யாரும் கேக்கிறதில்ல, ஆனா பகிர்றதுல பாதி இதுதானே. குறை சொல்றதா பாராட்டுறதான்னு எல்லாரும் குழம்புறாங்க, எனக்குத் தெரிஞ்சு வாட்டர்கலருக்கு ரொம்ப உபயோகமான கருத்து ரெண்டுமே இல்லாத ஒண்ணு: எந்த இடத்தைத் தொடக்கூடாதுன்னு சொல்றது. வரையிறவங்களுக்கு தன்னோட படத்துல தானா அமைஞ்ச நல்ல இடம் கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராமரின் காயும்போது பேப்பரோட குழியில மணல் மணலா படிஞ்சு பாறை மாதிரியே ஒரு டெக்ஸ்ச்சர் குடுத்திருக்கும், அவங்க அதை "திட்டுத்திட்டா வந்துடுச்சு, சரி பண்ணணும்"னு நினைச்சுட்டு இருப்பாங்க. நீங்க "அந்த பாறையை விட்டுடுங்க"ன்னு ஒரு வரி சொன்னா அது பிழைச்சுது. சரி பண்ணப் போய் போன இடங்கள் எவ்வளவோ பார்த்திருக்கேன். அதுக்கு பதிலா "நானா இருந்தா இங்க ரெண்டு பறவை போடுவேன்"னு சொல்றதை தயவுசெஞ்சு விட்டுடலாம். எல்லா படத்துலயும் பறவை போடச் சொல்ற ஆள் எல்லா குழுவுலயும் ஒருத்தர் இருக்காரு, நல்ல மனுஷன்தான்.

கட்டம் கட்டமா எடுத்த போட்டோவை எல்லாம் அழிக்காம வெச்சிருங்க. முடிஞ்ச பிறகு வரிசையா வெச்சுப் பார்த்தா கடைசி போட்டோவைவிட அதுக்கு முந்தினது நல்லா இருக்கும், பல சமயம் அதுக்கும் முந்தினது. அடுத்த படத்துல எங்க நிறுத்தணும்னு இதைவிடத் தெளிவா வேற யாரும் சொல்லித் தர முடியாது. பெரியவங்க கதையிலயும் இது இருக்கு. இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1851ல இறந்ததுக்கு அப்புறம் அவரோட ஸ்டுடியோவுல இருந்ததெல்லாம் இங்கிலாந்து நாட்டுக்கு வந்துச்சு, அதுல வெறும் ரெண்டு மூணு வாஷோட நின்னு போன வாட்டர்கலர் நிறைய இருக்கு, கலர் பிகினிங்ஸ்னு பேரு வெச்சு இன்னைக்கு டேட் மியூசியத்துல பத்திரமா வெச்சிருக்காங்க. அவர் அதை யாருக்கும் காட்டணும்னு போட்டதில்ல, படத்தோட வெளிச்சம் எங்க விழணும்னு தனக்காகப் பார்த்துக்கிட்டது. ஆனா முழுசா வரைஞ்சு முடிச்ச அவரோட படங்களைவிட இதையே ரொம்ப நேரம் நின்னு பார்க்கிறவங்க உண்டு, எனக்கும் அச்சுல பார்த்ததுல இதுதான் பிடிச்சிருக்கு. பிரெஞ்சு ஓவியர் செசான் கடைசிக் காலத்துல போட்ட வாட்டர்கலர்லயும் பேப்பர் பாட்டுக்கு வெள்ளையா கிடக்கும், நம்மகிட்ட காட்டியிருந்தா "முடிக்கலையா?"ன்னுதான் கேட்டிருப்போம்.

காட்டக் கூடாத நேரமும் இருக்கு. வாஷ் ஓடிட்டு இருக்கும்போது எழுந்து போனை எடுக்காதீங்க, ஈர ஓரம் உங்களுக்காக காத்திருக்காது, திரும்பி வர்றதுக்குள்ள கோடு விழுந்திருக்கும். மாஸ்கிங் ஃப்ளூயிட் (வெள்ளையா விட வேண்டிய இடத்துல கலர் படாம இருக்க பூசி, அப்புறம் உரிச்சு எடுக்கிற திரவம்) போட்டு வெச்ச படத்தை பதில் வரட்டும்னு நாள் கணக்கா அப்படியே வெச்சிராதீங்க, உரிக்கும்போது பேப்பரையும் சேர்த்து பிச்சுக்கிட்டு வரும். இனிமே என்ன செய்யப்போறீங்கன்னு உங்களுக்கே தெளிவா இருக்கிற படத்தையும் காட்ட வேண்டியதில்ல, கேள்வி இல்லாம காட்டினா தேவையில்லாத பதில் வந்து இருக்கிற தெளிவும் போயிடும். இன்னொண்ணு, சிலருக்கு உண்மையிலயே பாதியில பாராட்டு கிடைச்சிட்டா மீதியை வரையவே தோணாது, அந்த ரகம்னா ரெண்டாவது லேயர் வரைக்கும் பொத்தி வெச்சுக்கிறதுதான் சரி.

கேள்வியோட கடைசியில "எனக்கு டிராயிங் வீக், பென்சில் ஸ்டேஜ்லயே காட்டலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. அதைத்தான் முதல்ல காட்டணும். ஆனா வாட்டர்கலர் பேப்பர்ல வரைஞ்சு காட்டாதீங்க. ஜன்னல் சாய்ஞ்சிருக்கு, சுவர் கோணல்னு அவங்க சொல்லச் சொல்ல நீங்க ரப்பர் போட்டு அழிப்பீங்க, அழிச்ச இடத்துல பேப்பரோட மேல் பூச்சு போயிடும், வாஷ் போட்டதும் அந்த இடம் மட்டும் கலரை அதிகமா உறிஞ்சு திட்டாத் தெரியும். சாதா பேப்பர்ல அதே அளவுல வரையுங்க, அதை போட்டோ எடுத்து அனுப்புங்க, திருத்தமெல்லாம் அதுலயே முடிச்சிட்டு ஜன்னல் கண்ணாடி மேல வெச்சு வாட்டர்கலர் பேப்பருக்கு கோட்டை மாத்திக்கோங்க, 300 ஜிஎஸ்எம்னாலும் பகல் வெளிச்சத்துல கோடு மங்கலாத் தெரியும். தெரியலன்னா சாதா பேப்பரோட பின்பக்கம் பென்சிலால பூசிட்டு மேல இருந்து அழுத்தாம கோடு இழுங்க, லேசா இறங்கினா போதும். கலர் போட்டு காய்ஞ்ச பிறகு அந்த பென்சில் கோட்டை அழிக்கிறது கஷ்டம், அதனால எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவு நல்லது.