ஒமாஹா போக்கரில் ஒரே சூட் சீட்டுகள் ஆரம்பக் கையை எவ்வளவு பலப்படுத்தும்?

நன்றாகவே பலப்படுத்தும், ஆனால் எத்தனை சீட்டு ஒரே சூட் (ஆட்டின், இஸ்பேட் போன்ற சீட்டு இனம்) என்பதைப் பொறுத்தது. ஒமாஹாவில் கையிலுள்ள நான்கில் சரியாக இரண்டை மட்டுமே பயன்படுத்த முடியும். மீதி மூன்று மேஜையில் விரிக்கும் பொதுச் சீட்டுகளிலிருந்து வரவேண்டும். அதனால் நான்கும் ஆட்டின் என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. உங்களுக்குத் தேவையான ஆட்டின்களை நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். கையில் இரண்டு ஆட்டின், ஃபிளாப்பில் (மேஜையில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டுகளில்) இரண்டு என்றால் ஃபிளஷ், அதாவது ஒரே சூட்டில் ஐந்து சீட்டு, முடிக்க 9 சீட்டு பாக்கி. கையில் நான்கு இருந்தால் 7தான்.

இரண்டு இஸ்பேட், இரண்டு ஆட்டின் என்று அமையும் ‘டபுள் சூட்டட்’ கைதான் சிறந்தது. மொத்தமுள்ள 2,70,725 கைகளில் சுமார் 13.5% இப்படி வரும். ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் முடிவது அபூர்வம்; ஒரு சூட்டுக்கு 1% கூட இல்லை. ஆனால் இன்னும் ஒரு சீட்டு வந்தால் போதும் என்ற நிலை சூட்டுக்கு 12% அளவில் வரும், டபுள் சூட்டட் கைக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பு.

அப்புறம் சீட்டின் உயரம். ஒவ்வொரு எதிராளியிடமும் இரண்டு சீட்டுகள் கொண்ட ஆறு சேர்க்கைகள் இருப்பதால், 7-5 வைத்து அடித்த ஃபிளஷ், பந்தயப் பணம் பெரிதாகச் சேர்ந்த ஆட்டத்தில் அதைவிட உயர்ந்த ஃபிளஷிடம் பெரும்பாலும் தோற்கும். ஏஸ் தலைமையில் வரும் சூட்டைத்தான் நான் உண்மையான பலமாக எண்ணுவேன். இன்னொன்று: சிதறிய சீட்டுகளை சூட் காப்பாற்றாது. கே-9-6-2 டபுள் சூட்டட் ஆனாலும் சுமாரான கைதான். ஏ-ஏ-ஜே-10 டபுள் சூட்டட் மிகச் சிறந்த கைகளில் ஒன்று.