ஜப்பான் போக ஆசைப்படும் மகளுக்காக 8 லட்சம் கட்டலாமா?

ஐயா, வணக்கம்.

பி.இ. கடைசி வருஷம் படிக்கும் மகளை, கடன் வாங்கி ஏஜென்டுக்கு 8 லட்சம் கட்டி ஜப்பானில் மொழிப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகளை ஜப்பானுக்கு அனுப்பலாமா? தாராளமாக அனுப்பலாம். ஐந்து ரோட்டில் இருக்கும் அந்த ஏஜென்ட் கேட்கும் 8 லட்சத்தைக் கட்டலாமா? கட்ட வேண்டாம். கடைசி வருஷப் படிப்பை விட்டுவிட்டு ஏப்ரல் பேட்சில் சேரலாம் என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு யோசனைக்காகவே அவரை விட்டு விலகிவிடலாம்.

காரணம் சொல்கிறேன். ஜப்பானில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்களுக்குப் பொறியாளர் பிரிவில் வேலை விசா தருகிறார்கள். அதற்குத் தொடர்புடைய பட்டம் வேண்டும். பட்டம் இல்லையென்றால் பெரும்பாலும் 10 வருஷ அனுபவம் கேட்பார்கள். உங்கள் மகளின் பி.இ. சான்றிதழ்தான் அந்த நாட்டுக்குள் அவளைக் கௌரவமாக நுழைய வைக்கும் காகிதம். அதை முடிக்காமல் மாணவர் விசாவில் மொழிப் பள்ளிக்குப் போனால், மொழி படித்தாலும் பொறியாளர் வேலை விசாவுக்கு மாறுவது மிகவும் கடினம்.

பார்ட் டைம் வேலை செய்தே கடனை அடைத்துவிடலாம் என்கிறாராம். மாணவர் விசாவில் போகிறவர்கள் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை விடுவார்கள். அந்தச் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் போக இங்கே வட்டி கட்ட என்ன மிஞ்சும்? கடன் நெருக்கினால் பிள்ளைகள் மணிக்கணக்கை மீறி வேலை செய்வார்கள், அப்புறம் விசா நீட்டிப்பில் மாட்டிக்கொள்வார்கள். வெள்ளிப் பட்டறை நடத்துகிறவர் நீங்கள். உரசிப் பார்க்காமல் ஒரு கட்டி வெள்ளி வாங்க மாட்டீர்கள். மகளின் நான்கு வருஷப் படிப்பு அதைவிடப் பெரியது.

இனி மகளைப் பற்றி. "கார்ட்டூன் பார்த்தே கெட்டுப்போய்விட்டாள்" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் சொல்லித்தராமல் ஹிராகனா, கத்தகானா இரண்டு எழுத்து வரிசைகளையும் கற்றுக்கொண்ட பெண் அவள். சம்பளக் கணக்கை மட்டும் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைகள் பலர் முதல் குளிர்காலத்திலேயே சோர்ந்துபோகிறார்கள். அந்த ஊரின் மேல் பிரியம் உள்ள பிள்ளைகள் தாக்குப்பிடிக்கிறார்கள். அந்தப் பிரியத்தைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

ஆனால் ரசிப்பது வேறு, அங்கே போய் வேலை பார்ப்பது வேறு. இதை அவளுக்கும் சொல்லுங்கள். ஜப்பானிய அலுவலகத்தில் மேலதிகாரியிடமும் வாடிக்கையாளரிடமும் பேசத் தனி மரியாதை நடையே உண்டு. சின்ன விஷயத்தையும் உடனே மேலே தெரிவித்து, தொடர்புடையவர்களுக்குச் சொல்லி, கலந்து பேசிய பிறகே செய்ய வேண்டும். இதை ஹோரென்சோ என்பார்கள். தனக்குத் தோன்றியதைச் சட்டென்று செய்து பழகியவர்களுக்கு இது மூச்சுமுட்டும். வாடகை வீடு பிடிக்க முன்பணத்தோடு, திரும்பி வராத நன்றிப்பணமும் சில இடங்களில் கேட்பார்கள். உள்ளூர் வரி முந்தைய வருஷ வருமானத்தை வைத்து வருவதால், புதிதாகப் போகிறவர்களுக்கு இரண்டாம் வருஷத்தில்தான் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பிக்கும். தெரியாதவர்கள் அப்போது திகைத்துப்போவார்கள். உங்கள் வீடு சைவம் என்பதால் இன்னொன்று: பார்க்க வெறும் காய்கறிக் குழம்பாக இருந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும். தானே சமைக்கத் தெரிந்துகொண்டு போகட்டும். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இந்தியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பருப்பும் மசாலாவும் கிடைக்கும்.

அவள் ஆசை எவ்வளவு உறுதியானது என்று கண்டுபிடிக்க நான் நம்புவது மொழியைத்தான். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னையில் எழுதலாம். என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். அலுவலக வேலைக்குப் பெரும்பாலான கம்பெனிகள் எதிர்பார்ப்பது என்2. ரகுடென் போல ஆங்கிலத்தையே அலுவல் மொழியாக வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. "நான் நேற்று ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனேன்" என்ற வாக்கியத்தை ஏறக்குறைய அதே வரிசையில் ஜப்பானிய மொழியில் சொல்லலாம். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு போன்றவை பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழிலிருந்தே நேராகப் போகச் சொல்லுங்கள். கஷ்டம் காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அந்த நாட்டு அரசு வகுத்திருப்பவை மட்டும் 2,136. தினமும் உட்கார்ந்தால்தான் ஏறும். படிப்பு முடிவதற்குள் என்4, அதன் பிறகு என்3 என்று ஏறினால் அவளைப் பற்றிக் கவலையே படாதீர்கள். என்5 முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டால், ஆசை திரையோடு நிற்கிறது என்று அவளுக்கே புரிந்துவிடும். செலவும் சில ஆயிரங்களோடு போய்விடும்.

பட்டம் வாங்கியதும் நேராக விமானம் ஏற வேண்டும் என்றும் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம், வல்லம் வடகால், எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி என்று ஜப்பானிய கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. மொழி தெரிந்த பொறியாளருக்கு அங்கே தனி மதிப்பு. ஓரிரு வருஷம் ஜப்பானியர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, அப்போதும் போக வேண்டும் என்று தோன்றினால் போகட்டும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

உங்கள் தம்பி மகனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 2019-இல் தொடங்கிய குறிப்பிட்ட திறன் பணியாளர் விசா பொருந்தலாம். என்4 அளவு மொழியும், துறைக்கான திறன் தேர்வும் வேண்டும். முதல் நிலையில் மொத்தம் 5 வருஷம்தான் இருக்கலாம், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்தால் பெண் வீட்டாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

யார் வந்து வேலை வாங்கித்தருகிறேன் என்றாலும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மொழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறவர்கள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வர மாட்டார்கள், அதனால் அவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். உண்மையான வேலை என்றால் அங்கிருக்கும் கம்பெனி முதலில் ஜப்பான் குடியேற்ற அலுவலகத்திலிருந்து தகுதிச் சான்றிதழ் வாங்கும். அதைக் காட்டித்தான் இங்கே வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பார்கள். "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழ்களை ஏஜென்ட் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவற்றை நாளைக்கே நேரில் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.