புது ரைடரைப் பழைய ஆட்டக்காரரோடு ஒப்பிடலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊர்க் கபடி அணிக்கு ரைடராக, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனாக வந்த புதுப் பையன் பழைய நட்சத்திரத்துக்கு ஈடாவானா என்று கேட்டிருக்கீங்க. மொத்தப் புள்ளியை வைத்துப் பேசினால் விடியற வரைக்கும் சண்டைதானுங்க. தொட்டு எடுத்தது எத்தனை, கோட்டைத் தாண்டிக் கால் வைத்து வாங்கின போனஸ் எத்தனை என்று பிரிச்சுப் பாருங்க. எதிரணியில் 6 பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு. அதையே பொறுக்கிப் பழகினவன், அடுத்தடுத்து 2 ரைடு புள்ளியில்லாமல் காலியாகப் போனபின் வரும் வாழ்வா சாவா ரைடில் மாட்டிக்குவான்; அதில் புள்ளி எடுக்காவிட்டால் அவுட். அங்கே எத்தனை முறை தப்பி வருகிறான், அதை எண்ணுங்க. மண்ணில் வெறுங்காலோடு ஆடினவரை மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆடுபவனோடு நிறுத்துவது வீண். திரும்பும் வேகமே வேற.

‘அன்னிக்கு ரெஃப்ரி போனஸை முழுங்கிட்டார்’ என்ற பழைய கறுவலும் பெரும்பாலும் கால் விஷயம்தான். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மறுகால் அந்தரத்தில் இருக்கணும். தரையில் உரசின கட்டைவிரல் இருபதடி தள்ளி நின்றவருக்கு எங்கே தெரியும்?