மிதக்கும் நகரமும் தொங்கானும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு பினாங்குக்கு வந்திருந்தோம். தஞ்சோங் புங்காவில் மிதக்கும் மசூதியையும் வெல்ட் கீயில் சியூ ஜெட்டியையும் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கடல் மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. தென்கொரியாவின் பூசானில் திட்டமிட்டிருப்பதுபோல மிதக்கும் நகரங்கள் நமக்கும் நடைமுறைத் தீர்வாகுமா? படம் இணைத்திருக்கிறேன், பார்க்கவே மலைப்பாக இருக்கிறது. நாம் தோட்டத்து மக்கள், கடலோடு நமக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் நீங்கள் பினாங்குக்காரர் என்பதால் கேட்கிறேன். என் தாத்தா கேரித் தீவுத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், இப்போது எங்களோடு இருக்கிறார்.

க.,
கோலாலம்பூர்

அன்புள்ள க.,

அந்த மசூதி மிதக்கவில்லை, தூண்களில் நிற்கிறது. சியூ ஜெட்டி வீடுகளும் கால் ஊன்றி நிற்பவைதான். 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்களை இப்படியே விட்டுக்கொண்டிருந்தால் இந்த நூற்றாண்டு முடிவில் அது ஒரு மீட்டரை நெருங்கலாம். அப்போதும் இவை ஓர் அங்குலம்கூட எழும்பப்போவதில்லை. பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

பூசான் திட்டம் 2022-இல் வெளியானது. 6.3 ஹெக்டேர், 12,000 பேர். பினாங்கு மாநிலத்தில் மட்டும் 17 லட்சத்துக்கும் மேல் இருக்கிறோம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் மிதக்கும் வீடுகளில் மக்கள் உண்மையாகவே குடியிருக்கிறார்கள். கான்கிரீட் தொட்டியின்மேல் வீடு, பக்கத்தில் எஃகுத் தூண், வீடு அதைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். ஆனால் அந்தத் தண்ணீர் 1932-இல் கடலை அணைபோட்டு அடைத்ததால் உண்டான ஏரி. அங்கே கடல்நீரின் ஏற்றமும் வற்றமும் கிடையாது. அலை அடங்கிய இடத்தில், காசுள்ள கொஞ்சம் பேருக்கு இது முடியும். பினாங்குக்குத் தெற்கே சிலிக்கான் தீவு என்ற செயற்கைத் தீவுக்காக 2023-லிருந்து கடலில் மண் கொட்டுகிறார்களே, அதைப் பற்றியும் கேட்பீர்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள்.

இதோடு முடித்திருப்பேன். 'கடலோடு நமக்குச் சம்பந்தமில்லை' என்ற வரிதான் விடவில்லை. ஒரு வாரமாக அப்பாவின் தகரப் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறேன், அவருடைய பழைய துறைமுக அட்டையைத் தேடி. சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வருகிறது. யார் தம்பி இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, மேல்தட்டில் பாய் விரித்து, அங்கேயே உண்டு உறங்கி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆயிரக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் குடியிருந்த அதைவிட மிதக்கும் ஊர் வேறு எது? இறங்கியதும் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் தனிமை முகாம், அங்கும் சுற்றிலும் கடல். ஆனால் நம் வரலாறு என்றாலே ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறோம். எழுதுகிறவர்களும் அப்படித்தான், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் அப்பா தொங்கான் என்ற சரக்குப் படகில் வேலை பார்த்தவர். கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தொங்கானில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். சரக்கோடு கரையில் கட்டிக் கிடக்கும் தொங்கானில் இரவு ஒருவர் படுக்க வேண்டும், பல இரவுகள் அது அப்பாதான். எட்டு வயதில் ஓரிரு முறை நானும் கூடப் படுத்திருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எங்கள் கரையில் தண்ணீர் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வற்றத்தில் கயிற்றைத் தளர்த்தாவிட்டால் தொங்கான் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஏற்றத்தில் இழுத்துக் கட்டாவிட்டால் விலகிப்போய் அடுத்ததை இடிக்கும். அப்பாவிடம் கடிகாரம் கிடையாது. கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே தூங்குவார், அது விறைத்ததும் விழித்துக்கொள்வார். ஒரு சுற்று அவிழ்த்து, இரண்டு முழம் விட்டு, மறுபடி கட்டி, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு படுப்பார். ஈரக் கயிறும் தாரும் கலந்த அந்த நாற்றம் அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை.

ஒரு ராத்திரி காய்ச்சலில் அசந்துவிட்டார். விழித்தபோது தொங்கான் சாய்ந்து பதினோரு மூட்டை அரிசி கடலுக்குள். நான்கு மாதம் கூலியில் பிடித்தார்கள். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. 1969-இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற சலுகை போனது. அப்புறம் கொள்கலன்கள் வந்தன, தொங்கான்களும் போய்விட்டன.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிறு பார்க்கிறவர் எங்கே படுப்பார் என்று தேடினேன். இப்போதெல்லாம் இயந்திரம்தானே என்பீர்கள். சரி. உப்பு இயந்திரத்தையும் தின்னும் தம்பி. நங்கூரச் சங்கிலியில் சிப்பி அப்பும். கழிவுநீர்க் குழாய் தினமும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வளைந்து வளைந்து மூட்டில் விட்டுப்போகும். சுரண்டவும் மாற்றவும் ஓர் ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும். அவர் அந்த 12,000 பேரில் ஒருவரா, கரையிலிருந்து காலையில் படகேறி வந்து சாயங்காலம் திரும்புகிறவரா? அவர் குடியிருக்கும் கரையில் தண்ணீர் ஏறினால் எங்கே போவார்? நடைமுறைத் தீர்வா என்று கேட்கிறவர்கள் கட்டுமானச் செலவைக் கேட்கிறார்கள், மிதக்குமா என்று கேட்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்களும் கேட்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கடலோடு சம்பந்தமில்லை என்று எழுதிய கையோடு கேரித் தீவு என்றும் எழுதியிருக்கிறீர்களே! அந்தத் தோட்டமே கடலுக்குக் கரை போட்டு உண்டாக்கியது. பெரிய ஏற்றத்தின்போது வெளியே கடல் தோட்டத்துத் தரையைவிட உயரத்தில் நிற்கும், இடையில் இருப்பது மண்கரையும் மதகும்தான். வற்றத்தில் மதகைத் திறந்து வாய்க்கால் தண்ணீரை வெளியே விட்டு, ஏற்றம் வருமுன் மூட வேண்டும், ராத்திரியானாலும்.

தாத்தாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா? பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே மதகு பார்த்தது யார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். படம் வேண்டாம்.